திரும்பக் கேட்ட கேஸ் கட்டு

நீதிபதி பதவிக்கு என் பெயரும் ஒரு முறை போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிறார்கள். அட, எனக்கே இல்லாத துக்கம் உங்களுக்கு எதற்கு?

பெயர் போனதும் நான் செய்த முட்டாள்தனம்தான் பெரிது. நீதிபதி ஆகிறவர் தன் வழக்குகளை வேறு வக்கீல்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உத்தரவு கைக்கு வந்த பிறகு செய்தால் போதும். எனக்குப் பொறுமை ஏது? மறுநாளே கேஸ் கட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி, வேறு வக்கீல் வைத்துக்கொள்ள 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "உத்தரவு வரட்டுமே, என்ன அவசரம்?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க."

என் கட்சிக்காரியான ஒரு தையல்காரியின் கட்டு வாய்தாவிடம் போனது. வாய்தா என்பது என் வயதுக்கார வக்கீல் ஒருவருக்கு நான் வைத்த பட்டப்பெயர். எந்த வழக்கையும் தள்ளிப்போடச் சொல்லியே பெயர் வாங்கியவர். தையல்காரி, செத்துப்போன தன் அக்காவின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்க்கிறாள். எட்டு வருஷமாகத் தலைகாட்டாத தகப்பன் இப்போது பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தான்.

ஏழு மாதம் கழித்துப் பட்டியல் வெளியானது. என் பெயர் இல்லை. இரண்டு நாள் அழுதேன், மறைப்பானேன்? மூன்றாம் நாள் காலையில் தையல்காரி வந்து நின்றாள்.

"வக்கீலம்மா, வர்ற வியாழக்கிழமைதான் கடைசி. இன்னொரு வாய்தா கேட்டா பிள்ளைய அப்பன்கிட்ட அனுப்பிடுவேன்னு ஜட்ஜய்யா சொல்லிட்டாரு. நீங்க ஏற்பாடு பண்ணின வக்கீல் இன்னும் கட்டையே பிரிக்கல."

"பிரிக்கவே இல்லையா?"

"நீங்க போட்ட முடிச்சு அப்படியே இருக்கு."

தூக்கிக் கொடுத்தவள் நான்தானே! அதைத் திரும்ப வாங்க, இப்போது வாய்தா 'ஆட்சேபணை இல்லை' என்று எனக்கு எழுதித் தர வேண்டும்.

அவர் அறையில் நான் நுழைந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். "வாங்க வாங்க, நீதிபதியம்மா!"

"கிண்டல் போதும். தையல்காரி கட்டைக் குடுங்க."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"நல்லா இல்லதான். மானம் மரியாதையை எல்லாம் விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அந்தப் பிள்ளை போயிடும் சார்."

சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு நிபந்தனை. இனிமே என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"எந்தப் பேர்?"

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

சத்தியமாகக் கூப்பிட மாட்டேன் என்றேன். இதை எழுதும்போதே வாக்குத் தவறிவிட்டேன். என்ன செய்துவிடுவார், அதற்கும் தேதி வாங்குவார்.

வியாழக்கிழமை. தகப்பன் படிய வாரிய தலையோடு கூண்டில் நின்றான். பாசம், ரத்தம், உரிமை என்று பொரிந்து தள்ளினான். முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"உங்க பொண்ணுகிட்ட பேசணும்னா எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

"எந்தப் பக்கம் உட்கார்ந்தா என்னங்க?"

பிள்ளைக்கு இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. மருத்துவரின் சான்றிதழை நீட்டினேன். நீதிபதி படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவனையே பார்த்தார். மாலைக்குள் தீர்ப்பு வந்தது. பிள்ளை சித்தியிடமே இருக்கும்.

தாழ்வாரத்தில் தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"வக்கீலம்மா, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்களுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாதுன்னு தினம் வேண்டிக்கிட்டேன். ஏழு மாசமும் ஒரு நாள் விடல."

அந்த ஏழு மாதமும் என் வீட்டுக்காரர், பிள்ளைகள், அண்ணன், அண்ணி, எல்லோரும் எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்தி அத்தனை பேரையும் ஜெயித்திருக்கிறாள்.

"அடிப்பாவி!" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டேன்.