வராத பெல்ட்டுக்கு வரவு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். லாரியில் வந்து இறங்குகிற சரக்கை எண்ணிப் பார்த்து கம்ப்யூட்டரில் வரவு வைப்பது என் வேலை. அதனால் எனக்கு ‘வரவு அக்கா’ என்று பேர்.

அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வரவுச் சீட்டைத் திறந்ததுமே, எத்தனை கேட்டு ஆர்டர் போட்டோமோ அதையே ‘வந்தது’ என்கிற கட்டத்திலும் தானாக நிரப்பிவிடும். சோம்பேறிகள் அப்படியே பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் முதலில் எல்லாக் கட்டத்திலும் சைபர் போடுவேன். எண்ணிய பிறகுதான் மற்ற எண்ணெல்லாம். அன்றைக்குக் காலை லாரியில் தலைக்கவசங்கள் வந்தன. அதே ஆர்டரில் கேட்டிருந்த பெல்ட்டுகள் வரவில்லை. கவசத்துக்கு வரவு வைத்தேன், பெல்ட்டுக்குச் சைபர்.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. உயர அடுக்குகளில் ஏறிச் சரக்கு எடுப்பவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற பாதுகாப்புப் பெல்ட். போன மாதம் ஒரு பழைய பெல்ட்டின் கொக்கி விட்டுப்போய், ஓர் ஆள் மேலிருந்து விழுந்தார். அந்த ஆள் என் வீட்டுக்காரர். கீழே பஞ்சு மூட்டைகள் இருந்ததால் தலைக்கு வந்தது மணிக்கட்டோடு போயிற்று. அதற்குப் பிறகு தலைமை அலுவலகம் மேல் அடுக்கைக் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்துவிட்டது. புதுப் பெல்ட் வரவானால்தான் பூட்டு திறக்கும். அதாவது நான் பொத்தானை அழுத்தினால் அவர் ஏற வேண்டும்.

மேனேஜர் வந்து என் மேஜையில் கை ஊன்றி நின்றார்.

“என்னம்மா, பெல்ட்ட இன்னும் வரவு வைக்கலையா?”

“பெல்ட் வரல சார்.”

“பில் வந்திருக்கே?”

“பில்ல மாட்டிக்கிட்டு மேல ஏற முடியாது சார்.”

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜருக்குக் காது சிவந்தது.

“நாளைக்கு வந்திடும்னு சப்ளையர் சொல்லிட்டார். மேல இருக்கற சரக்கு இன்னிக்குச் சாயங்காலம் லாரி ஏறியாகணும். நீ நம்பர மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்.”

“மத்ததுன்னா எது சார்? விழறவங்களப் பிடிக்கறதா?”

மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனவர் சும்மா போகவில்லை. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததுமே யார் அனுப்பியது என்று தெரிந்துவிட்டது.

“இந்தா பாரு, போட்டுடேன். பழைய பெல்ட்ல ஒண்ணு ரெண்டு நல்லாத்தான் இருக்கு. நான் பாத்து ஏறிக்கறேன்.”

“போன தடவை கண்ண மூடிக்கிட்டா ஏறினீங்க?”

“எல்லாரும் கேலி பண்றாங்க. பொண்டாட்டி சொல்லுக்கு ஆடறவன்னு. நீ பண்ற வம்புல ரெண்டு பேர் வேலைக்கும் உலை வச்சிடுவாங்க. சும்மா கிடக்கற சங்க ஏன் ஊதிக் கெடுக்கற?”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மணிக்கட்டில் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இந்த மனுஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். பயம். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை.

“கேலி பண்றவன் வந்து உங்களுக்குச் சோறு ஊட்டுவானா?” என்றேன். “நான் போட மாட்டேன். கோவிச்சுக்கிட்டு எங்கிட்டப் பேசாம இருந்தாலும் சரி. பேசாம இருக்கறதுக்காவது ஆள் இருக்கணும்ல?”

அவர் எழுந்து போய்விட்டார். டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் மேனேஜர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கிடங்கு முழுக்கக் கேட்கிற குரல்.

“போடறியா, இல்ல வேற ஆள உக்கார வைக்கவா?”

“வரவு வைக்கற அனுமதி உங்களுக்கும் இருக்கு சார். அவ்வளவு நம்பிக்கை இருந்தா உங்க பேர்ல போடுங்க. என் பேர்ல வராது.”

தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது அவரால் பின்வாங்க முடியவில்லை. விறுவிறுவென்று தன் கண்ணாடி அறைக்குப் போனார், உட்கார்ந்தார், அழுத்தினார். என் திரையில் பெல்ட் வரவாகிவிட்டது. மேல் அடுக்கின் பூட்டும் திறந்துகொண்டது. பிரிண்டர் ஏற வேண்டியவர்களின் சீட்டைத் துப்பியது. முதல் பேர் என் வீட்டுக்காரர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஆள் இல்லாத பூசணிக்காயைப் பரிமாறுகிறாரே! திரையில் அந்த வரவைப் பார்த்தபடி யோசித்தேன். சரி, கணக்கில் பெல்ட் இருக்கிறது. இருக்கிற பொருளை யாரும் கேட்டு வாங்கலாமே?

ஏறுகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பெல்ட் என்று வழங்கல் சீட்டு போட்டேன். மென்பொருள் மறுபேச்சுப் பேசவில்லை. இன்னும் அடுக்கில் வைக்காத சரக்கு, வரவு வைத்தவரின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு சீட்டிலும் ‘பெற வேண்டியவர்’ என்று ஏறுகிறவர் பேரும், ‘தர வேண்டியவர்’ என்று மேனேஜர் பேரும் தானாக விழுந்தன. எடுத்துப் போய்க் கையில் கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடம் கடைசியாக நீட்டினேன்.

“என்னது?”

“உங்க பெல்ட். போய் வாங்கிக்கோங்க. அவர் எடுத்துக் கொடுத்தா மாட்டிக்கிட்டு ஏறுங்க. நான் வாயே திறக்கல.”

சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள், நானும்தான். கண்ணாடி அறை வாசலில் வரிசை நின்றுவிட்டது.

“சார், பெல்ட்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதான் நாளைக்கு வருதுன்னு சொன்னேனேப்பா.”

“கம்ப்யூட்டர்ல வந்திடுச்சு சார். உங்ககிட்ட வாங்கிக்கச் சொல்லி இருக்கு.”

“எல்லாம் உன் பொண்டாட்டி வேலைதானே?”

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கட்டினவன் இந்த இடத்தில் என்னை விட்டுக்கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

“ஆமா சார், அவ வேலைதான்” என்றார். “வந்தா வந்துச்சுன்னும் வரலன்னா வரலன்னும் சொல்றதுக்குத்தானே அவள உக்கார வச்சிருக்கீங்க? பெல்ட் நாளைக்குன்னா நானும் நாளைக்குத்தான் ஏறுவேன்.”

“சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்” என்று வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வரவை ரத்து செய்ய வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. காட்டினேன். காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. ‘தட்டச்சுப் பிழை’ என்று அடித்தார்.

“அழிங்க சார்.”

“என்ன?”

“பிழையா போடல, தெரிஞ்சேதான் போட்டீங்க. பெல்ட் வரலன்னு அடிங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைக்கு நீ அந்த நாற்காலியில இருக்க மாட்ட, தெரியுமில்ல?”

“தெரியும் சார். இன்னிக்கு இருக்கேன். அடிங்க.”

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மேல் அடுக்கு மறுபடி பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் இரண்டு காலும் தரையில் பட நின்றுகொண்டிருந்தார்.