நல்ல தண்ணீரில் கழுவிய பெட்டி

என் கணவர் வில்பிரட் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என் அண்ணன் பாஸ்கல் சொந்த லாஞ்சில் மீன்பிடித்தவன். இருவரும் இப்போது இல்லை. இருவரையும் சேர்த்து நினைத்தால் எனக்கு அந்த பலூன்தான் ஞாபகம் வரும்.

1977இல் நம் நாடும் சேர்த்து மூன்று நாடுகள் கூடி, மாணவர்களுக்கு விண்வெளி அறிவு புகட்ட ஒரு திட்டம் போட்டன. தேர்ந்தெடுத்த பள்ளிகள் கேமரா வைத்த பெட்டியைப் பெரிய பலூனில் கட்டிப் பறக்கவிட வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தோடு பெட்டி திரும்பினால், ஒரு மாணவரும் ஓர் ஆசிரியரும் வெளிநாட்டு முகாமுக்குப் போகலாம். எங்கள் பக்கத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்று நாங்கள், மற்றது விளாத்திகுளம். இரண்டில் நல்ல படம் கொண்டுவரும் ஒன்றுக்குத்தான் இடம்.

அவருக்குத் தான் போவது பெரிதில்லை. பத்தாம் வகுப்பு விக்டோரியா போக வேண்டும். அந்த வருடத்தோடு அவள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் முடித்துவிட வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடு போய்வந்த பிள்ளையை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அவர் நம்பினார். அவள் அம்மா அல்போன்சாவும் கொஞ்சம் இறங்கிவந்திருந்தாள். கப்பலில் சமையல் வேலை பார்த்த குசினிக்காரர் வீட்டில் கம்பளிச் சட்டை இரவல் வாங்கி, "அங்கன குளிருமாம், இப்பமே பழகு ஏளா" என்று சித்திரை வெயிலில் மகளுக்கு மாட்டிவிட்டாள்.

பலூன் விடும் நாளை மூன்று நாடுகளும் பல மாதம் பேசி, எல்லோருக்கும் வசதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தன. எங்கள் கரையில் ஞாயிறு ஆண்டவரின் ஓய்வு நாள், ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள். அந்தக் கரையிலேயே பிறந்த என் கணவருக்கும், பலூன் கடலுக்கு மேல் போய்ப் புள்ளியான பிறகுதான் அது உறைத்தது.

பாஸ்கல் அண்ணனிடம் ஓடினார்.

"ஞாயித்துக்கெழமையா? சாமி சொன்னா போறேன் மாப்ள. ஒம்ம ராக்கெட்டுக்காரன் சொன்னா போவ மாட்டேன்."

பங்குச் சாமியார் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டு யோசித்தார்.

"மீன் பிடிக்கக் கூடாது, பெட்டி பிடிக்கலாம். ஏலே பாஸ்கல், வலையை இங்கன இறக்கி வச்சிட்டுப் போ."

மறுநாள் மத்தியானம் அண்ணன் பெட்டியோடு வந்தான். விளக்கி வைத்த வெண்கலம் மாதிரி அது மின்னியது.

"முயல் தீவுக்கு வெளிய மெதந்துச்சு மாப்ள. கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. திருகாணியெல்லாம் கழத்தி, சாமானைப் பிரிச்சு, குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணில அலசி, வெயில்ல காய வச்சு, திரும்ப மாட்டிட்டேன்."

"உள்ள இருந்த படச்சுருளையுமா மச்சான்?"

"அதைத்தான் மொதல்ல அலசினேன். இழுக்க இழுக்க வந்துச்சு!"

கடலில் விழுந்த இன்ஜினை உடனே பிரித்து நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்; அண்ணனுக்கு அது தெரியும், வெளிச்சம் பட்டாலே படச்சுருள் அழிந்துவிடும் என்பது தெரியாது. அண்ணன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கரை சேர்ந்திருந்தான். பெட்டியின் மேல் 'திறக்காதே' என்று மூன்று நாட்டு மொழிகளிலும் எழுதியிருந்தது. நம் நாட்டின் பங்குக்கு இந்தி.

விளாத்திகுளத்து பலூன் கொஞ்ச தூரத்திலேயே வெடித்துப் பருத்திக் காட்டில் விழுந்தது. வெடிகுண்டு என்று பயந்து போலீஸ் வரும்வரை ஒருவரும் கிட்டப் போகவில்லை. படச்சுருள் பத்திரமாக இருந்தது. கடைசிப் படங்களில் ஓர் ஆடு நன்றாக விழுந்திருந்ததாம்.

ஆனாலும் எங்களுக்கு வழி இருந்தது. விபத்தில் படம் கெட்டிருந்தால் இன்னொரு பலூன் தருவார்கள். ஆள் கை பட்டுக் கெட்டிருந்தால் கிடையாது. விசாரிக்க வெளிநாட்டு நிபுணர் ஒருவரே வந்தார். பள்ளியில் கூட்டம் போட்டு, பெட்டியை மீட்ட அண்ணனுக்கு மாலையும் போட்டார்கள்.

என் கணவர் எழுந்து, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து சுருள் கெட்டுவிட்டது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் நிபுணர் அனுதாபமாகத் தலையாட்டி, இன்னொரு பலூன் தரலாம் என்றார். விக்டோரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையோடு அண்ணன் எழுந்தான்.

"யாரு சொன்னா? உப்புத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போவல. தொறந்து பாத்தது நானு. அப்படியே வச்சா கெட்டுரும்னு கழுவினதும் நானு. தொரைகிட்ட நல்லாச் சொல்லும்யா!"

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். ஒரு சொல் விடாமல் சொன்னார்.

நிபுணர் மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணனின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். முகாமுக்கு விளாத்திகுளம் போனது. விக்டோரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் அண்ணன் தெருமுனையில் நின்றுவிட்டான்.

"ஆயிரம் படிச்சவர் நீரு. கடல் மேல இப்படிப் பழி போடலாமா மாப்ள?"

"தப்புதான் மச்சான்," என்றார் என் கணவர்.