குளிர் அறையில் இடம்

“இந்தத் தீவுகள்ல மனுஷங்களும் சாவாங்களா?” என்று ஒரு பயணி யதீராவிடம் ஒருமுறை கேட்டார். இகுவானா ஓணான்களையும் பறக்காத நீர்க்காகங்களையும் பார்த்துவிட்டு வந்த கையோடு, காப்பிக் கோப்பையை நீட்டியபடி. கப்பல் சமையலறையில் வேலை பார்க்கும் அவள் சிரித்து மட்டும் வைத்தாள்.

இன்று காலை, ஃபெர்னாந்தினா தீவின் கறுத்த பாறைகளுக்கு எதிரே, ரப்பர் படகின் மோட்டார் கயிற்றை இழுக்கக் குனிந்த அவளுடைய அப்பா ஃபவுஸ்டோ நிமிரவில்லை. பயணிகள் முதல் படகிலேயே கரைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கப்பலுக்குத் தூக்கி வந்து சமையலறைத் தரையில் கிடத்தியிருந்த அவர் புருவத்தில் காய்ந்திருந்த உப்பை யதீரா துடைத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் பொலிவர் வந்தார்.

“ஆபீஸ்ல பேசிட்டேன். பாதைய மாத்த முடியாதாம். துறைமுகம் நாளன்னைக்குத்தான். பத்து மணிக்கு எல்லாரும் திரும்பிடுவாங்க. அதுக்குள்ள குளிர் ரூம்ல, மீனுக்குப் பின்னால...”

“மீனுக்குப் பின்னாலயா?”

“மெதுவாப் பேசு பொண்ணே. சந்தோஷமா இருக்க வந்தவங்க. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்.”

“இருபத்தாறு வருஷம் பயணிங்களக் கையப் பிடிச்சுக் கரையில இறக்கிவிட்டவரு. இப்ப மீனோட மீனாவா?”

“ஃபவுஸ்டோ இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பான்.”

“எங்கப்பா உங்களுக்குச் சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”



அவள் குளிர் அறையைத் திறந்து முதல் பெட்டியை இழுத்தாள்.

“என்ன பண்ற? இது பாதுகாக்கப்பட்ட கடல், ஒரு செதில்கூடக் கொட்டக் கூடாது, தெரியும்ல?”

“யாரு கொட்டுறா? மத்தியானமே எல்லாத்தையும் பொரிக்கிறேன். தின்னு தீர்க்கட்டும்.”

“ஆறு பெட்டி இருக்குடி!”

“பசியோடதானே வருவாங்க.”

“ஏன் இவ்வளவு மீன்னு கேட்டா?”

“ஃபவுஸ்டோன்னு ஒருத்தர் செத்துட்டாரு, அவருக்கு இடம் வேணும்னு சொல்வேன்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலைக்காரர்கள் மிதிக்கக் கூடாத முன்படிக்கட்டில் ஏறினாள். ஐஸ் தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது. பயணிகள் சாப்பிடும் மேசைக்கு அருகே இறக்கி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. ஐந்து முறை ஏறி இறங்கினாள்.

ஆறாவது பெட்டி அசையவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. தூரத்தில் படகுச் சத்தம் கேட்டது. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

கேப்டன் ஃபவுஸ்டோவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அவளை விலக்கிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்படிக்கட்டில் ஏறிப் போனார்.