யாரு அதிக நாள் இருப்பீங்க?

“உங்க ரெண்டு பேர்ல யாரு அதிக நாள் இருப்பீங்க?” பென்ஷன் ஆபீஸ் அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்; நோயாளிகள் விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள், இது புதுசு. பக்கத்தில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், திருதிருவென்று விழித்தார்.

இருவருக்கும் அறுபத்திரண்டு. இப்போதே கேட்டால் பென்ஷன் குறைச்சல். ஐந்து வருஷம் பொறுத்தால் கூடுதல். ஒருவர் போய்விட்டால், இருக்கிறவருக்கு இரண்டில் எது பெரிசோ அது. சம்பளம் அதிகம் என்பதால் பெரிசு அவளுடையது.

“நான்தான் முந்திப் போவேன்,” என்றார் அவர், பஸ்ஸில். “ரெண்டு பேருமே இப்பவே வாங்கிக்கலாம்.”

“அதெப்படி நீங்களே முடிவு பண்ணிட்டீங்க?”

அவளுக்கு அந்தக் கேள்வியின் குடைச்சல் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு நாத்தனாருக்குப் போன் போட்டாள். “அக்கா, உங்கப்பா போனப்ப அவருக்கு என்ன வயசு?”

“ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. பென்ஷனுக்காகக் கேக்கறேன்.”

நாத்தனாருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அப்பா தொண்ணூற்றொன்று, சித்தப்பா எண்பத்தெட்டு, அத்தை தொண்ணூற்று நாலு, அதுவும் ஒரு பல் விழாமல்! இவள் ஒரு பழைய கவரின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு தன் பக்கம்: அப்பா அறுபத்தாறு, அம்மா எழுபது.

எட்டிப் பார்த்த அவர் முகம் சுருங்கியது. “கிழிச்சுப் போடு அதை.”

“ஏன்? நான் பொறுத்திருந்தா கடைசில உங்களுக்குத்தானே பெரிசு கிடைக்கும்?”

“எனக்காக நீ இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கணுமா?”

“உங்களுக்காகன்னு யாரு சொன்னா? யாருக்கு எந்த எலும்பு முறிஞ்சிருக்குன்னு முதல்ல பாக்கறது நான். அந்த வேலையை விட்டுட எனக்கு மனசு வரல. உங்க முட்டிதான் இனிமே ஏணி ஏறாது.”

இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் தன் விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் வேலையை விட்டபின் வந்த முதல் திங்கட்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது.

“மேல்வீட்டு போலீஸ்காரர் பாட்டுக் கத்துக்கறார், தெரியுமா உனக்கு?”

இருபது வருஷமாக மேலே குடியிருக்கும் சிடுமூஞ்சி. வேலை நாளில் பகல் நேரத்தில் இவர்கள் வீட்டில் இருந்தால்தானே தெரியும்?

“அவரா! நல்லா பாடறாரா?”

“ஒரே வரியில மாட்டிக்கிட்டு முழிக்கறார். இரு, ஜன்னலைத் திறக்கறேன்.”

அடுத்த நோயாளியை ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.