மெக்தில்டின் பிடரியில் வளர்ந்த பாசி

தாவரவியலாளர் லுட்கர் பிரென்னெக்கே 1874 வசந்தத்தில் கண்டுபிடித்த பாசி, அவர் மனைவி மெக்தில்டின் பிடரியில் மட்டும்தான் வளர்ந்தது. எங்கள் ஹார்ஸ் மலையூரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருடம் முட்டைக்கோஸில் புழு விழுந்ததுதான் பெரிய பேச்சு. முப்பத்தெட்டு வயதாகியும் பேராசிரியர் பதவி கிட்டாத மனிதருக்குப் புதுச் செடி ஒன்று போதாதா? கிள்ளினார், உலர்த்தினார், தாளில் ஒட்டினார், தன் பெயரையும் சேர்த்துப் பெயர் வைத்தார். அந்த முதல் தாளைத் தலைநகரத் தாவரக் காப்பகம், செடிக்கு அதுதான் அத்தாட்சி என்று வாங்கிப் பூட்டியது. பதவியும் வந்தது.

இந்தத் தாவரக்காரர்களிடம் ஒரு வழக்கம். யார் கேட்டாலும் மாதிரி அனுப்ப வேண்டும், மறுத்தால் மரியாதைக் குறைவு. வியன்னாவிலிருந்து கேட்டார்கள், உப்சாலாவிலிருந்து கேட்டார்கள். மேலும் பதினொரு முறை கிள்ளினார். ஒவ்வொரு முறையும் மெக்தில்டுக்கு ஒன்று மறந்தது: தங்கையின் முகம், கம்பு ரொட்டியின் வாசனை, கடைசியில் படியிறங்கும் விதம். மாடியிலேயே நின்றுவிட்டாள்.

"பொண்டாட்டியத் துண்டு துண்டாத் தபால்ல அனுப்புறீங்களே பேராசிரியரே, வெக்கமா இல்ல?" என்று நடுத்தெருவில் கத்தினாள் ரொட்டிக்கடை கெர்லிண்டே. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மனிதர் அரண்டுபோய் எல்லா ஊருக்கும் எழுதினார். பதினொரு தாள்கள் திரும்பின. பாசியை நனைத்துப் பிடரியில் வைக்க வைக்கப் பச்சை பிடித்தது. தங்கை நினைவுக்கு வந்தாள், ரொட்டி மணத்தது, மெக்தில்ட் படியிறங்கிக் கீழே வந்தாள். வந்தவள் புருஷனைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாள். முதல் கிள்ளலில் போனது அவர்தான். இத்தனை நாள் அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

காப்பகத்திலிருந்த அந்த முதல் தாள் மட்டும் வரவில்லை. செடி இருக்கும்வரை அத்தாட்சித் தாளை வெளியே விட முடியாது, அப்படியொரு செடியே இல்லை என்று அச்சில் அறிவித்தால் தருகிறோம் என்று காப்பகம் எழுதியது. அறிவித்தால் பெயரும் பதவியும் போகும். மூன்று நாள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் மைக்கூட்டை மூடிவிட்டார், படுபாவி.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களே, யாரப் பாக்கணும்?" என்றாள் மெக்தில்ட்.

"இந்த வீட்டுக்காரரை."

"அவர் இன்னும் வரலியே. இருங்க, காபி தரேன்."

இருபத்தாறு வருடம் இருந்தார். தினமும் மூன்றரை மணிக்கு விருந்தாளிக் கோப்பையில் காபி வந்தது. அவரைப் புதைத்த அன்று மெக்தில்ட் எங்களிடம், "நல்ல மனுஷர். என் வீட்டுக்காரர் வந்திருந்தா ரெண்டு பேரும் சிநேகமாயிருப்பாங்க" என்றாள்.

ஆமாம் என்றோம்.