தின்றும் மெலிந்த மீன்

மைத்துனன் நோலி கொண்டுவந்த ஓரா மீன் நன்றாகத் தின்றது. எஃப்ரெனுக்கு முதலில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவே பயமாகிவிட்டது.

செபு நகருக்கு எதிரே உள்ள அந்தத் தீவில் எஃப்ரெனும் ஒருகாலத்தில் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் பிடித்தவன்தான். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒருநாள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, கால்கள் பிறகு அசையவே இல்லை. இப்போது கடல் என்பது வீட்டுக்குள் இருக்கும் ஒரு தொட்டி. அதில் அவன் வலைபோட்டுப் பிடித்த கடைசி மஞ்சள் ஓரா. முற்றத்துப் பேசினில் கற்களைப் போட்டு, வெயிலில் பாசி பிடிக்கவைத்து அதற்குக் கொடுப்பான். ஜோடியாக இருக்கட்டும் என்று நோலி இன்னொன்றைக் கொண்டுவந்து விட்டான்.

"நல்லா தின்னுதா மச்சான்?" ராச்சோற்றுக்கு வரும்போதெல்லாம் கேட்பான்.

"உன்னை மாதிரியே தின்னுது."

"அய்யோ, அப்ப பாசிக்குத் தனியா ஒரு கடல் வேணுமே," என்பாள் எஃப்ரெனின் மனைவி மரிட்டெஸ், தம்பியின் தட்டில் சோற்றைக் கொட்டியபடி.

அந்தத் தட்டு நடுவில் சில வருஷம் மேசையில் இல்லை. நோலி சமையற்கட்டில் வைத்துவிட்டுப் போன பாட்டிலைத் தண்ணீர் என்று குடித்தாள் கிகாய், அவர்களுடைய ஒரே மகள். உள்ளே மீனை மயக்கும் சயனைடு கரைசல். இனி வலைதான், பாட்டிலைத் தொடமாட்டேன் என்று குழந்தையின் கல்லறைமேல் கைவைத்துச் சொன்னான் நோலி. கல்லறைத் திருநாள்தோறும் அவனே சுண்ணாம்பு அடித்தான். அதன்பிறகுதான் மரிட்டெஸ் அவனுக்கு மறுபடி தட்டு வைத்தாள்.

ஒரே பாசி, ஒரே தண்ணீர். பழைய ஓரா கொழுத்தது. புதியதன் வயிறு உள்ளே போனது, முதுகில் எலும்பு தெரிந்தது. எஃப்ரென் புழு மருந்து கொடுத்தான், இளம்பாசியாகப் பார்த்துச் சுரண்டிப் போட்டான். மீன் விடிந்ததிலிருந்து தின்றபடியே இளைத்தது. விஷம் பட்ட மீனுக்கு வாய் இருக்கும், குடல் இருக்காது. நோலிக்கு இது தெரிய வழியில்லை. பிடித்த மீன் அன்று சாயங்காலமே வியாபாரி கைக்குப் போய்விடும். பிறகு எங்கோ யார் வீட்டிலோ அது சாவதை எந்த முக்குளிப்பவன் பார்த்தான்? தெரிந்திருந்தால் இந்த வீட்டுக்கா கொண்டுவந்திருப்பான்?

எஃப்ரென் வாயைத் திறக்கவில்லை. மரிட்டெஸுக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தம்பி ஒருவன்.

ஆனால் கல்யாணத்துக்கு முன் வியாபாரியின் கொட்டகையில் மீன் தரம்பிரித்தவள் அவள். ஒரு மத்தியானம் தொட்டி முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இது வலையில வந்த மீன் இல்ல."

எஃப்ரென் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் கையாலயே அவனுக்குச் சோறு போடவெச்ச."

 

சாயங்காலம் நோலி ஒரு பை நிறையக் கடற்பாசியோடு வந்தான். மேசையில் இரண்டே தட்டுகள்.

"என்னக்கா, எனக்குப் பட்டினியா?"

"மீனைப் பாரு."

பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கைப்பிடி பாசியைத் தொட்டியில் போட்டான். எலும்பும் தோலுமான மீன் பாய்ந்துவந்து பிய்த்தது.

"நல்லாத்தானக்கா தின்னுது?"

"ஆமா," என்றான் எஃப்ரென். "நல்லாத்தான் தின்னுது."

மரிட்டெஸ் மூன்றாவது தட்டைக் கழுவித் துடைத்து, கிகாயின் சின்னத் தட்டு இருந்த மேல் பலகையில் கவிழ்த்து வைத்தாள். நோலி பையைக் கையில் பிடித்தபடியே நின்றான். பாட்டிலைத் தொட்டது தெரிந்துவிட்டது என்று அவனுக்கு மெல்ல உறைப்பதை எஃப்ரென் பார்த்தான். பிறகு பார்வையைத் தொட்டிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மீன் இன்னும் தின்றுகொண்டிருந்தது.