சொந்த வீட்டோடு மலையேறியவர்

கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. தனசேகரன் ஓரங்கட்டினார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. அவர் மனைவி ஜெயம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, கரும்புக்கொல்லையில் ஓடிய பம்புசெட்டை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானைக்குள்ளிருந்து செல்போனை எடுத்தாள். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த தனசேகரன் அதைப் பார்க்கவில்லை.

ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாமுக்குப் போய்வந்த வேன் அது. காயலான் கடையில் கிடந்ததை வாங்கி, உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருந்தார். வெளியே நீல பெயின்ட். எத்தனை கை அடித்தாலும் பக்கவாட்டில் வரைந்திருந்த பெரிய கண் மட்டும் மறையாமல் மங்கலாக முழித்துக்கொண்டிருந்தது. ஊரில் அதற்கு ‘கேரவன்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றாள்.

“கண்ணு பாக்கறீங்களாண்ணா? ஊசில நூலு கோக்க முடில எனக்கு.”

“இது வூடும்மா.”

“வூடா?” அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். “வூட்ட ஏன் ரோட்டுல கொண்ணாந்து வெச்சிருக்கீங்க?”

தனசேகரன் மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பதிவாளர் ஆபீஸ் வாசலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் கத்தியிருந்தார். “அந்த மலைக்காரன் வூட்டு வாசப்படிய இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்!” கல்வராயன் மலையில் நர்சாக வேலைக்குப் போன ஒரே மகள் சுபஸ்ரீ, அங்கேயே சின்னராசுவைக் கட்டிக்கொண்டாள். சாதி வேறு. மலை வேறு. இப்போது அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவளோ போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “அப்பா வந்து கூப்ட்டா வரேன். இல்லாங்காட்டி இங்கியே பெத்துக்கறேன்.”

பிடிவாதம் யாருடையது என்று ஜெயம்மாள் சொல்லிக்காட்டவில்லை. “நான் போறேன். நீங்க வந்தா வாங்க” என்றாள்.

தனசேகரன் மூன்று ராத்திரி தூங்காமல் யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்த வண்டி. “அவன் வாசல்ல நிறுத்திப்பேன். என் வூட்ல நான் இருப்பேன். பொறந்த வூடே வாசலுக்கு வந்துடுச்சின்னா அவ ஏறி உக்காந்துக்க வேண்டியதுதான? நான் சொன்ன சொல்லும் நிக்கும்.”

“சொல்லு நிக்கும். வண்டி நிக்காம போவுமா?” என்று அப்போதே கேட்டிருந்தாள் ஜெயம்மாள்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. நண்பகலுக்குள் வளையல் போட்டுவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உள்ளே தாம்பாளத்தில் வளையல்கள் குலுங்கின, பக்கத்தில் புது மணை ஒன்று தடதடத்தது. பாதி மலையில் ஒரு கருகல் நாற்றம். அடுத்த நிமிடம் எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை.

“கிளட்ச் போச்சி” என்றார் தனசேகரன்.

கீழே கரும்புக்காடு பச்சைத் துணிபோல் விரிந்து கிடந்தது. இனி இறங்கவும் வழியில்லை, ஏறவும் வழியில்லை. நேரம் போனால் மகள் என்ன நினைப்பாள்? அப்பா வரவே இல்லை என்றுதானே. கிளம்பினார், பாதி வழி வந்தார், நின்றுபோனார் என்று யார் அவளிடம் சொல்வார்கள்?

மேலேயிருந்து ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. தனியாக, டிரெய்லர் இல்லாமல் வந்தது. ஓட்டி வந்தவன் சின்னராசு. வேட்டியை மடித்துக்கட்டி, தோளில் தடித்த கயிறு.

தனசேகரன் மனைவியைப் பார்த்தார்.

“மூணு தரம் நின்னுச்சி. மூணு தரமும் நான்தான் போன்ல சொன்னேன்” என்றாள் ஜெயம்மாள். “மொறைக்காதீங்க. கயித்தப் புடிங்க.”

சின்னராசு கயிற்றைக் கட்டிவிட்டு ஜன்னலருகே வந்தான். “மாமா, நியூட்ரல்ல வுட்டுக்கங்க. நான் கைய நீட்டுனா பிரேக்க மெதுவா அமுக்குங்க. புரிஞ்சா ஒரு ஆரன் அடிங்க.”

அவர் தன்னோடு பேச வேண்டியிராதபடி அவனே ஏற்பாடு செய்துவிட்டான். தனசேகரன் ஹாரனை ஒரு முறை அழுத்தினார்.

முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிற ஆள் அவர். முன்னால் போகிறவனின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத அந்தப் பாதையில், அவன் கியர் மாற்றும் விதத்தைக் கவனித்தார். அவசரம் இல்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, கயிறு தொய்யாமல் இழுத்தான். குறை கண்டுபிடிக்க நினைத்தார். கிடைக்கவில்லை.

கடைசி வளைவுக்கு முன்னால், பாரம் குறையட்டும் என்று ஜெயம்மாள் மணையையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் பின்னால் நடந்தாள். அந்த வளைவில்தான் அது நடந்தது. டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. சின்னராசுவின் கை வெளியே நீண்டது. தனசேகரன் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருந்தது. வேன் பின்னால் நழுவியது. பின்னால் பள்ளம்.

“குதிடா!” என்று கத்தினார். அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

சின்னராசு குதிக்கவில்லை. பின்சக்கர ஓரம் ஏதோ நெரிபடும் சத்தம். வேன் நின்றது. டிராக்டரின் முன்சக்கரங்கள் பொத்தென்று தரையில் விழுந்தன. தனசேகரன் கண்ணாடியில் பார்த்தார். வேனுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த ஜெயம்மாள், மூச்சிரைக்க, வெறுங்கையோடு நின்றாள். மகள் உட்காரச் செய்துகொண்டு வந்த வேம்பு மணை டயருக்கடியில் இருந்தது.

“குதிக்க வேண்டிதானடா?” என்றார் அவன் வந்ததும்.

“அத்த பின்னால வந்துகினு இருக்காங்க மாமா. எப்பிடிக் குதிக்கறது?”



சின்னராசுவின் வாசல் குறுகல். ஒரு பக்கம் பலாமரம், மறுபக்கம் சரிவு. டிராக்டர் விலகியதும் வேன் உருண்டு, ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தியது. வேனின் கதவும் வீட்டின் கதவும் நேருக்கு நேர். இடையில் ஒரு முழம்கூட இல்லை. இறங்கினால் அவன் வீட்டுக்குள்தான் இறங்க வேண்டும்.

“இதுக்கு மேல எடமில்ல மாமா” என்றான் சின்னராசு, சங்கடமாக.

வளைவு தாண்டியதும் மறுபடி வேனில் ஏறியிருந்த ஜெயம்மாள், தாம்பாளத்தோடும் மணையோடும் ஓர் எட்டில் உள்ளே போய்விட்டாள். டயர் தடம் பதிந்த மணையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுபஸ்ரீ உட்கார்ந்தாள். உள்ளே பெண்கள் சிரிப்பதும் வளையல் ஏறுவதும் கேட்டது. தனசேகரன் பலகைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில், பழைய முகாமின் எழுத்து அட்டை. மேலே பெரிய ‘ப’. கீழே போகப் போக எழுத்துகள் சிறுத்தன. கடைசி வரி அவருக்குத் தெரியவில்லை.

நிழல் விழுந்தது. சின்னராசு தன் வீட்டு நிலைப்படியிலேயே நின்றிருந்தான். கையில் தட்டு நிறையச் சித்திரான்னம்.

“உள்ள வரலாங்களா மாமா?”

அவர் திகைத்தார். இந்த வீட்டுக்குள் வர ஒருவன் தன்னிடம் அனுமதி கேட்பான் என்று அவர் நினைத்ததே இல்லை. கால்களை மடக்கி இடம் விட்டார்.

“வா.”

சின்னராசு தட்டை வைத்தான். போகாமல் நின்றான். “வளையல் போட்டாச்சி. சுபஸ்ரீ எழுந்துக்க மாட்டேங்குது. அத்த கை குடுத்தாங்க, வேணான்னுடுச்சி. ஒக்காந்துகினே கீது.”

உள்ளே ஜெயம்மாள் மகளின் கையில் வளையல்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேனுக்குள் கட்டில் பலகை கிறீச்சிட்டது. பிறகு சத்தமில்லை. சுபஸ்ரீ வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

வேன் படியில் ஒரு ஜோடி செருப்பு வந்து உட்கார்ந்தது. ஒன்று நேராக, ஒன்று குப்புற.

வாசல் வெளிச்சம் அடைபட்டது. ஜெயம்மாள் நிமிராமல் பார்த்தாள். கரும்புக்கொல்லைச் சேற்றில் வெடித்த ஒரு குதிகால், நிலைப்படியைத் தாண்டி நீண்டு, இன்னும் தரையைத் தொடாமல்.